பூஜ்யம் எண்ணில் நின்றவர்

இதில் நடுநிசி கிடையாது. ஊளையிடும் நாயும் கிடையாது. பளிச்சென்று வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது பன்னிரண்டிலிருந்து பத்து பதினொன்று வரை நடந்தது இது. சரியாக ஐம்பத்தொன்பது நிமிடம். இங்கே வரும் நேரங்கள் ஒவ்வொன்றும் ஒரு சர்வரின் பதிவில் இன்றும் அப்படியே இருக்கின்றன. பயந்துபோன மனுஷிக்கு நேரம் தப்பலாம். இயந்திரத்துக்குத் தப்பாது. சந்தேகப்படுகிறவர்கள் அவளை விட்டுவிட்டு அந்தப் பதிவோடு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஆபீஸில் அவளுக்கு வரிசைக்காரி என்று பெயர். வேலை அப்படி. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு வலைத்தளத்துக்குள் முண்டியடித்தால் அது மூச்சுத் திணறிப் படுத்துவிடும். படுக்காமல் இருக்க வாசலில் ஒரு காத்திருப்புப் பக்கம் வைப்பார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் எண் இன்னது.' நேரம் வந்ததும் கதவு திறந்து, நிமிடத்துக்கு ஐம்பது பேராக உள்ளே விடும். ஆறு வருடமாக அந்தக் கதவுக்கு அவள்தான் காவல்.

வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருடைய போனும் இருபது நொடிக்கு ஒரு தடவை சர்வரை ஒரு தட்டு தட்டும். 'இன்னும் இருக்கிறேன்' என்று அர்த்தம். மூன்று தட்டு தவறினால் எண் பறிபோகும். கதவு திறக்கும் நாட்களில் வரிசைக்காரி ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு சின்ன 'டிக்' சத்தம் வைத்து, ஸ்பீக்கரில் மெல்ல ஓடவிடுவாள். ஆளுக்கொரு நொடியில் தட்டுவதால் அது தகரத்தில் தூறல் விழுவதுபோலக் கேட்கும். வரிசைக்கு உடம்பு சரியில்லை என்றால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

அன்றைய வரிசை ஒரு வீட்டுத் திட்டத்தின் வீடுகளுக்கானது. மொத்தம் 212 வீடுகள். கதவு திறக்கும் நேரம் பத்து மணி. முந்தி வந்தவர்களுக்கு வீடு.

அந்த வரிசையில் அவளுடைய அக்காவும் நின்றாள். அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் இருக்கும் கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். இடிக்காவிட்டாலும் அதுவே விழுந்துவிடும். சுவரில் இருக்கிற வெடிப்பில் சின்னவள் தன் பென்சில்களை அடுக்கி வைத்திருக்கிறாள், அவ்வளவு அகலம். அக்கா வரிசையில் நிற்பதை வரிசைக்காரி ஒளிக்கவில்லை. முந்தின வாரமே மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கதவைப் பூட்டி வைக்கக் கணினி நிரலில் ஒரு வரி எழுத வேண்டும். 'இன்னது நடக்கும் வரை காத்திரு' என்று. ஒழுங்காக எழுதுகிறவர்கள் தேதியும் நேரமும் போடுவார்கள். வீட்டுத் திட்டக்காரர்கள் தேதியை ஆறு தடவை மாற்றினார்கள். ஆறாவது தடவை வரிசைக்காரிக்குக் கோபம் வந்து, நடக்கவே முடியாத ஒன்றை எழுதிவிட்டாள்.

'பூஜ்யம் எண்காரர் வந்து தயார் என்று அழுத்தும் வரை காத்திரு.'

வரிசை ஒன்றிலிருந்துதான் தொடங்கும். பூஜ்யம் என்று ஒருவரும் கிடையாது. ஆகவே கதவு தானாகத் திறக்காது. அன்று பத்து மணிக்கு அவள் கையால் அந்த வரியை அழிப்பாள், திறக்கும். சோம்பேறித்தனம்தான். ஆனால் அந்தத் தொழிலில் இருக்கும் பாதிப் பேர் செய்கிற சோம்பேறித்தனம்.

9:12. கட்டட வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கையெழுத்து நோட்டை நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க ரெண்டாவதும்மா."

"லீவு நாள்ல எனக்கு முன்னாடி யாருண்ணே?"

"ஆளைப் பாக்கல. லிஃப்ட் நாலாவது மாடிக்குப் போச்சு. யாரோ ஏறியிருக்கணும்ல?"

நோட்டில் வேறு கையெழுத்து இல்லை.

நாலாவது மாடியில் விளக்கு எரியவில்லை. ஒருவரும் இல்லை. நாற்காலிகள் எல்லாம் மேசைக்குள் தள்ளப்பட்டு, வெள்ளிக்கிழமை துடைத்த தரை பளபளவென்று கிடந்தது. ஜன்னல் வழியே வெயில் பாதி ஹால் வரைக்கும் வந்திருந்தது. அவள் உட்கார்ந்து, ஸ்பீக்கரைப் போட்டாள். தூறல் விழ ஆரம்பித்தது.

9:31. திரையில் கடைசி எண் 3,106. காத்திருப்போர் 3,107.

ஒன்று அதிகம்.

அவள் சிரித்துக்கொண்டாள். இது கணினிக்காரர்களின் பரம்பரை வியாதி. ஒருத்தன் பூஜ்யத்திலிருந்து எண்ணுவான், ஒருத்தி ஒன்றிலிருந்து எண்ணுவாள், நடுவில் ஒன்று இடிக்கும். கூட்டல் வரியைத் திறந்து பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பட்டியலைத் திறந்து உச்சிக்குப் போனாள்.

எண் ஒன்றுக்கு மேலே ஒரு வரி இருந்தது.

எண்: 0. வந்த நேரம்: வெற்று. தட்டல்: இருபது நொடிக்கு ஒன்று, ஒழுங்காக.

மற்றவர்களின் தட்டல் ஒரு நொடி முன்பின் வரும். மனிதர்களின் போன், அப்படித்தான். இது அப்படி இல்லை. 9:31:20. 9:31:40. 9:32:00. ஒரு இம்மி பிசகவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள். வெளியூர் இல்லை. வெளித் தெரு கூட இல்லை. இதே ஹால். பதினாலாம் இருக்கை.

பதினாலாம் இருக்கையில் கணினியே கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது அவளுக்கு நாலு மேசை தள்ளி, வெயில் எட்டாத மூலையில் இருந்தது.

அவள் எழுந்து போனாள்.

மேசை காலி. சுவரில் ஒயர் சொருகும் ஓட்டை. அதில் ஒயர் இல்லை. ஆனால் ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். இருபது நொடி. மறுபடியும் சிமிட்டியது.

நாற்காலி...

எல்லா நாற்காலியும் உள்ளே தள்ளியிருந்தன. இது மட்டும் வெளியே இழுத்திருந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

வேறு யாராவது இருந்தால் படிக்கட்டில் உருண்டு ஓடியிருப்பார்கள். வரிசைக்காரிக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தைவிட ஒரு படி முன்னால் கோபம் வந்து நின்றது. அங்கே மூவாயிரம் பேர் விடியற்காலை எழுந்து, ஒழுங்காக எண் வாங்கி நிற்கிறார்கள். ஒன்றாம் எண்காரர் நாலு மணிக்கே வந்தவர். அவருக்கும் முன்னால் போய் நிற்க இது யார்?

நாற்காலியை ஒரே தள்ளாக உள்ளே தள்ளினாள்.

"பேயோ பிசாசோ, யாரா வேணா இரு. வரிசையில வந்து நில்லு. இங்க யாருக்கும் குறுக்கு வழி கிடையாது."

திரும்பி வந்து, 9:36:10-க்குப் பூஜ்யத்தை வரிசையிலிருந்து நீக்கினாள். எண்ணிக்கை சரியானது.

9:36:20. பூஜ்யம் திரும்ப வந்தது.

மறுபடி நீக்கினாள். 9:36:40. வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் நீக்கினாள்.

தூறல் நின்றது.

ஒரு டிக் கூட இல்லை. மூவாயிரம் பேரும் ஒரேயடியாகப் போய்விட்டார்களா என்று பதறித் திரையைப் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். தட்டாமல் இருந்தார்கள்.

அப்புறம்...

டொக்.

மூவாயிரத்துச் சொச்சம் பேரும் சேர்ந்து தட்டினார்கள். ஒரே நொடியில். ஒரே தட்டாக. ஸ்பீக்கர் மேசையோடு அதிர்ந்தது.

மௌனம். இருபது நொடி மௌனம்.

டொக்.

வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு தெருவில், வெவ்வேறு போனில் இருக்கிற மனிதர்கள். அவர்களுடைய தட்டல்கள் இப்படி ஒன்றுசேர வழியே கிடையாது. அவளுக்குத் தெரியும். அந்த வரிகளை எழுதியதே அவள்தான்.

பட்டியலின் உச்சியில் பூஜ்யம் இருந்தது.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. அக்கா.

"ஏண்டி, எனக்கு இருநூத்தி மூணுன்னு காட்டுது. கிடைச்சிடுமா?"

"கிடைக்கும்க்கா. இருநூத்திப் பன்னெண்டு வீடு இருக்கே. எங்க இருக்க?"

"பஸ்ஸுக்குள்ளதான். டிரைவர் சீட்ல. உன் அக்கா எங்கடி போவா? ஏய், ஒண்ணு கேக்கணும். இந்தப் பக்கம் அப்பப்போ நின்னு நின்னு துடிக்குதே... எல்லாருக்கும் அப்படித்தானா?"

"அதை ஒண்ணும் பண்ணாதக்கா. மூடிடாத. அப்படியே வச்சிரு."

"உன் குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஏசி ஜாஸ்தி" என்று போனை வைத்துவிட்டாள்.

9:48. லிஃப்ட் கதவு திறந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வந்தது மேலாளர். விடுமுறை நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவரைப் பார்த்தபோது, பேயையே பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

"அது என்னம்மா சத்தம், சம்மட்டி அடிக்கிற மாதிரி? முதல்ல நிறுத்து." சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். "விஷயம் என்னன்னா, கதவைப் பத்துக்குத் திறக்காத. பத்து இருபதுக்குத் திற. நடுவுல நாப்பது பேர் வரிசையில நிக்காம பக்க இணைப்பு வழியா போயிடட்டும்."

"எந்த நாப்பது பேர் சார்?"

"வேண்டியவங்க. உனக்கு எதுக்கு அது?"

"முடியாது சார்."

மேலாளர் சிரித்தார். "உங்க அக்கா எத்தனாவது எண்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"இருநூத்தி மூணு. பாத்துட்டுத்தான் வந்தேன். நாப்பது போனா மிச்சம் நூத்தி எழுபத்திரண்டு வீடு. உங்க அக்காவுக்கு வெறுங்கை. நாப்பதை நாப்பத்தொண்ணு ஆக்கிடலாம். ஒரு பேரைச் சேக்கிறது எனக்குப் பெரிய வேலையா?"

டொக்.

வெடிப்பில் அடுக்கிய பென்சில்கள் அவள் கண்முன் வந்து போயின. இரண்டு நொடி இருக்கும். பொய் சொல்லக் கூடாது, அந்த இரண்டு நொடி அவள் யோசித்தாள்.

"எங்க அக்கா வரிசையில நிக்கிறா சார். அங்கேயே நிக்கட்டும்."

"பெரிய அரிச்சந்திரி!" என்றார் மேலாளர். தன் அறைக்குப் போனார். கண்ணாடிச் சுவர் வழியே அவர் தட்டச்சு செய்வது தெரிந்தது. 9:55-க்கு அவள் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அவளுடைய அனுமதி ரத்து. பார்க்கலாம், தொடக் கூடாது. அந்த ஒரு வரியை அழிக்க அவளுக்கு இனி உரிமை இல்லை.

அறையிலிருந்தே அவர் குரல் கொடுத்தார். "பூஜ்யம் எண்காரன் வந்தாத்தான் கதவு திறக்கும்னு நீயே எழுதி வச்சிருக்கியே. நல்லதாப் போச்சு. வரட்டும்!"

டொக்.

9:58. கடைசி எண் 4,118.

அவள் கையில் ஒன்றும் இல்லை. கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லை. சர்வரின் ஒயரைப் பிடுங்கலாம். பிடுங்கினால் நாலாயிரம் பேரின் எண்ணும் போய்விடும், அக்காவுடையதும்.

எழுந்தாள்.

பதினாலாம் இருக்கையை நோக்கி நடந்தாள்.

நாற்காலி மறுபடியும் வெளியே இழுத்திருந்தது.

இந்த முறை அவள் அதைத் தள்ளவில்லை. முதுகுச் சாய்மானத்தில் கை வைத்தாள். சில்லென்று இருக்கும் என்று நினைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுக்கவில்லை அவள்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "குறுக்கால பூந்தீங்கன்னு நினைச்சேன். தப்பு. குறுக்கால பூர்றவங்க அந்த ரூம்ல இருக்காங்க. நீங்க மொதல்லயே வந்து நின்னவங்க. அப்போ மொதல்ல போங்க. அவங்களுக்கெல்லாம் முன்னாடி போங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

9:59:40. டொக்.

பச்சை விளக்கு சிமிட்டியது. அணைந்தது.

பத்து நொடி.

பதினைந்து.

நாற்காலி ஒரு தடவை 'கிறீச்' என்றது... யாரோ எழுந்திருப்பதுபோல.

10:00:00.

அவள் திரையில் ஒரே ஒரு வரி மாறியது. எண் 0: தயார்.

கதவு திறந்தது.

தூறல் திரும்ப வந்தது. டிக் டிக் டிக்கென்று, ஒழுங்கில்லாமல், மனிதர்கள் தட்டுகிற மாதிரி. ஒன்று முதல் ஐம்பது வரை உள்ளே போனார்கள்.

"ஏய்! என்ன பண்ணின?" மேலாளர் அறைக்குள் கத்தினார். "நிறுத்து!"

"நான் எதையும் தொடல சார். தொட முடியாம நீங்கதானே பண்ணீங்க."

அவர் மவுஸை மேசையில் அடித்தார். கதவை மூடப் பார்த்தார். பக்க இணைப்பைத் திறக்கப் பார்த்தார். பிறகு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அவள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள். மேலாளரின் திரையில், எல்லா அதிகாரமும் உள்ள அந்த ஒரே லாகினில், காத்திருப்புப் பக்கம் வந்திருந்தது.

'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் எண் 4,159.'

அவருடைய நாற்பது பேருக்கும் அதே பக்கம்தான். 4,119 முதல் 4,158 வரை. மேலாளரின் போன் விடாமல் அடித்தது. அவர் எடுக்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி விசைப்பலகையில் விழுந்தது.

"இதை எடு..." என்றார் மெதுவாக. "எடுத்துடும்மா."

"வரிசை நகரும் சார். நில்லுங்க."

10:04. இருநூற்று மூன்றாம் எண் உள்ளே போனது.

10:11. போன். எதிர்முனையில் முதலில் அழுகைதான் கேட்டது, அப்புறம் பேருந்தின் ஹாரன். சந்தோஷத்தில் அக்கா ஹாரன் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"கிடைச்சிடுச்சுடி! மூணாவது மாடி! ஏய், கேக்குதா? மூணாவது மாடி!"

பதிவில் அன்றைய கதை அத்தோடு முடிகிறது.

பதிவை அவளே முழுதாக எடுத்து, அனுமதி ரத்தான நேரத்தோடும் பக்க இணைப்பின் பட்டியலோடும் வீட்டுத் திட்டக்காரர்களுக்கும் முதலாளிக்கும் அனுப்பினாள். வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினாள். போகவில்லை. மேலாளர்தான் திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவருடைய ராஜினாமா மட்டும் வந்தது.

புது மேலாளர் ஒழுங்கான ஆள். ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தப் பூஜ்யம் வரியை இன்னும் ஏன் வச்சிருக்கீங்க? அழிச்சுட்டுத் தேதி போட்டு எழுதுங்க."

"நான் அழிக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்களே அழிச்சுக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாத்துடுங்க."

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

கதவுக்குள் போனவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பூஜ்யம் எண்ணும் உள்ளே போயிருந்தது. விண்ணப்பத்தைத் திறந்திருந்தது. பெயர், வெற்று. முகவரி, வெற்று. பிறந்த தேதி, வெற்று. கையெழுத்து இல்லை. சமர்ப்பிக்கவும் இல்லை. ஒரே ஒரு பெட்டியில் மட்டும் எழுதியிருந்தது.

'உடன் வசிக்கப் போகிறவர்களின் எண்ணிக்கை: 61,417.'

"இது எப்படி?" என்றார் புது மேலாளர். "இந்தப் பெட்டியில ரெண்டு இலக்கத்துக்கு மேல எழுத முடியாதே."

"முடியாது சார்."

"யாராவது விளையாடியிருப்பாங்க. அதென்ன எண்?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால், ஆறு வருடத்தில் அந்த நிறுவனம் நடத்திய வரிசைகள் மொத்தம் இருபத்திரண்டு. மருத்துவமனைப் படுக்கைகளுக்கு, கல்லூரி இடங்களுக்கு, வேலைத் தேர்வுகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். கடைசி வரை தட்டிக்கொண்டே நின்று, முறை வருவதற்குள் கதவு மூடிவிட்டதால் வெறுங்கையோடு போனவர்கள் எத்தனை பேர் என்ற எண். அப்படி ஒரு கணக்கை அதுவரை யாரும் எடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. முந்தின நாள்தான் அவள் எடுத்திருந்தாள்.

"கூட்டிப் பாருங்க சார்" என்றாள்.

அவர் நின்றபடியே கூட்டினார். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு தடவை கூட்டினார்.

61,417.

அந்த வரியை இன்று வரை யாரும் அழிக்கவில்லை.